அஞ்சு கொடுக்காதவள்

என் வீட்டுக்காரிக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அனுபவித்துக்கொண்டிருப்பவன், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது தனியாகப் பேச எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. "என்னைப் புடிச்சிருக்கா?" என்று நான் வழிந்துகொண்டே கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூக்கு கொஞ்சம் பெருசு. மத்தபடி பரவாயில்ல" என்றாள். அந்தப் 'பரவாயில்ல'யை நம்பித்தான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அடுத்தவன் எழுத்தில் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் குத்துவது வேலை. அவள் ஸ்டெபிலைசர் செய்கிற பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினாள். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் விரலிலேயே தெரிந்துவிடும் அவளுக்கு. "குத்தம் கண்டுபிடிக்கிறதுங்க ரெண்டு ஒரே வீட்டுல இருந்தா வீடு வெளங்கின மாதிரிதான்" என்று என் அம்மா சொன்னார். அம்மா வாக்கு அப்படி ஒன்றும் பொய்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே அவள், வீட்டிலிருந்தபடியே ஊர் ஊராகப் பேசிக்கொள்கிற அமெச்சூர் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். நாங்கள் குடியிருந்தது மாடியில் இரண்டு அறை வீடு. மொட்டைமாடியிலிருந்து எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அவளுடைய ஏரியல் கம்பி ஓடியது. துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்து நான் ஒரு தடவை அதில் வேட்டியைத் தொங்கவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். உள்ளறை ஜன்னலோரம் அவள் மேஜை. ரேடியோ, ஹெட்போன், சால்டரிங் அயர்ன், பக்கத்தில் மூடி கழற்றிய நிலையில் எப்போதும் யாராவது ஒருவருடைய ஸ்பீச் பிராசஸர். அந்த ஈயப் புகை வாசனை இன்றைக்கு எங்காவது மூக்கில் பட்டாலும் எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வருகிறது. என்ன இருந்தாலும் அது நல்ல வீடு.

ஸ்பீச் பிராசஸர் என்றால் என்னவென்று எனக்கே அவள் மூன்று தடவை சொல்லித்தான் புரிந்தது. மனிதன் பேச்சு ஒரே மட்டமாக வராது. ஒரு எழுத்து ஓங்கி வரும், அடுத்தது பதுங்கிவிடும். ரேடியோ அந்த ஓங்கின எழுத்துக்குத் தகுந்தபடிதான் தன் பலத்தை ஒதுக்கும். பதுங்கின எழுத்தெல்லாம் வழியிலேயே இரைச்சலில் செத்துவிடும். இந்தப் பெட்டி மைக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, குவித்து அளந்த படியைத் தலைதட்டுகிற மாதிரி ஓங்கினதைத் தட்டி, பதுங்கினதைத் தூக்கிவிடும். அளவோடு வைத்தால் ஆயிரம் மைல் தாண்டியும் பேச்சு போய்ச் சேரும். அளவு மீறினால் தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கும்.

ரிப்பேருக்கு வருகிற பெட்டிகளில் பாதிக்கு ஒரு கோளாறும் இருக்காது. கண்டென்சர் காய்ந்துபோனது, மைக் சாக்கெட்டில் ஈயம் விட்டுப்போனது, ரேடியோ அலையே வயர் வழியாகத் திரும்ப உள்ளே புகுந்து உறுமுவது இதெல்லாம் மிச்சப் பாதி. கோளாறில்லாத பாதியின் சொந்தக்காரர்கள் திருகைக் கடைசி வரை திருகி வைத்துவிட்டு, "பெட்டி சரியில்லம்மா, கொரகொரங்குது" என்று கொண்டுவருவார்கள். "ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்" என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். சொல்லிவிட்டு, திருகுக்கு அடியில் ஒரு தீக்குச்சித் துண்டை ஒட்டி, பாதிக்கு மேல் போகாதபடி தடை வைத்துக் கொடுப்பாள். அந்தத் தீக்குச்சி எத்தனை பெட்டியில் இருக்கிறதோ, கணக்கே இல்லை.

அவளும் ஒரு தடவை அளவு மீறினாள். அதனால் எனக்குத்தான் பெயர் போயிற்று. நான் புரூப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து சத்தமாகப் படித்துத் திருத்துவேன். சத்தமாக என்றால் கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும், அதுதான் முறை. அவள் புதிதாகக் கட்டின பெட்டியைச் சோதிக்கிறேன் என்று திருகைக் கடைசி வரை ஏற்றிவிட்டிருக்கிறாள். அவள் வாயை மூடின இடைவெளியில் எல்லாம், கூடத்தில் உட்கார்ந்திருந்த என் குரலை அந்தப் பெட்டி தூக்கி உலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. "ஆகவே கமா மக்கட்பேறு என்பது கமா" என்று ஊர் உலகமெல்லாம் கேட்டிருக்கிறது. அன்று முதல் ரேடியோக்காரர்கள் எல்லாருக்கும் நான் 'கமா மாப்பிள்ளை'. ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் என்னை நேரில் பார்த்ததும் கைகொடுக்கவில்லை. "கமா எப்படி இருக்கீங்க முற்றுப்புள்ளி" என்றார். படுபாவி!

இந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும் எதிராளி, எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண் சொல்லவேண்டும். முதல் எண் தெளிவு, ஐந்துக்கு எத்தனை என்று. இரண்டாவது சத்தத்தின் பலம், ஒன்பதுக்கு. எல்லாரும் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'அஞ்சு, ஒன்பது' கொடுப்பார்கள். ஊர்ப் பெயரே புரியாமல் மூன்று தடவை திருப்பிக் கேட்டவர்கூட, "அஞ்சு ஒன்பது அண்ணே, கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார். மரியாதையாம். இவளோ மூன்று என்றால் மூன்றுதான். 'அஞ்சு கொடுக்காத அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். திட்டுவதும் அவளைத்தான், உண்மை தெரியவேண்டுமென்றால் தேடி வருவதும் அவளைத்தான்.

தினமும் காலை ஆறரைக்கு நாற்பது ஐம்பது பேர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு 'நெட்' என்று பெயர். அதை நடத்தியவர் எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர். யார் முதலில் பேசுவது, யாருக்கு என்ன செய்தி, புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று வகுப்பு எடுக்கிற மாதிரி நடத்துவார். பத்தொன்பது வருடம், ஒரு நாள் விடாமல். அவளுக்கு அவர் அண்ணன். கூடப் பிறக்காத குறை. கல்லுக்குள் ஊற்று மாதிரி ஆழமான குரல் அவருக்கு. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் குரலை வைத்து மணி சொல்வேன் நான்.

அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து அறுவை செய்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. குரல் நரம்பு ஒன்று செத்துவிட்டதாம். காற்றுதான் வந்தது. பேச்சு, ஓட்டை விழுந்த பம்ப்பில் காற்றடிக்கிற மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு காலை அவர் மறுபடி நெட்டை எடுத்தார். நாற்பது பேரும் வரிசையாக 'அஞ்சு ஒன்பது' கொடுத்தார்கள். என் வீட்டுக்காரி மட்டும் தன் முறை வந்தபோது, ரேடியோ கெட்டுவிட்ட மாதிரி சும்மா இருந்துவிட்டாள். அப்படி அவள் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் அவரே படியேறி வந்தார், பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு.

"எல்லாரும் நல்லாருக்குங்கறாங்க," என்றார். பக்கத்தில் குனிந்து கேட்டால்தான் தெரியும். "எனக்கு நம்பிக்கை இல்ல. நெட்டு நடத்தறவன் பேசறது புரியலன்னா, அவசரத்துக்கு வர்றவன் கதி என்ன? நீ இந்தப் பெட்டியைச் சரிபண்ணிப் பாரு தங்கச்சி. உன்னால முடியலன்னா முடியலன்னு சொல்லு. நான் விட்டுடறேன். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டேன், நீ சொன்னாக் கேப்பேன்."

"விடறதாவது! வாயைக் கழுவுங்க அண்ணே," என்று சத்தம் போட்டாள். அவர் போனபிறகு முகம் கழுவப் போனவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

பெட்டியை முழுக்கப் பிரித்தாள். கண்டென்சர்களை மாற்றினாள். மூச்சுக் காற்றின் இரைச்சலை வடிகட்ட ஒன்று, கீழ்க் குரலைத் தூக்க ஒன்று என்று புதிதாகச் சேர்த்தாள். வெறுமே 'நல்லாருக்கா' என்று கேட்டால் காது ஏமாற்றும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஐம்பது சின்னச் சின்ன வார்த்தைகளை எழுதி, அவரிடம் கொடுத்தாள். படி, அடி, கடல், மடல், விரல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை அவர் யாருமில்லாத அலைவரிசையில் அதைப் படிக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் வரிசையை மாற்றிப் படிக்கவேண்டும். இவள் காதில் விழுந்ததை எழுதி, எத்தனை சரி என்று எண்ணுவாள். அதற்குத் தகுந்தபடி பெட்டியில் ஒன்றை மாற்றுவாள்.

முதல் நாள் பத்தொன்பது. மறுநாள் இருபத்துமூன்று. பத்தாம் நாள் முப்பத்தாறு. வீட்டில் கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. பட்டறைக்கு லீவு போட்டாள். குழம்பில் உப்புப் போட மறந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"நாப்பத்தேழுங்க! அம்பதுக்கு நாப்பத்தேழு!"

கீழ்வீட்டு போனில் அவருக்குச் சொன்னாள். மறுநாள் நெட்டில், எல்லாரும் கேட்க, அவருக்கு அஞ்சு கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் கொடுத்த முதல் அஞ்சு. ரயில்வே கார்டு, "யாருப்பா அது, அஞ்சு கொடுக்காத அக்காவா? பொழுது எந்தப் பக்கம் விடிஞ்சுது?" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் காலையில் நெட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். எங்கோ மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலையாம், அன்றுதான் முதல் தடவை பேசுகிறாராம். அண்ணன் அவர் பெயரையும் ஊரையும் கேட்டார். "திரும்பச் சொல்லுங்க" என்றார் புதியவர். அண்ணன் திரும்பச் சொன்னார். மறுபடி, "திரும்பச் சொல்லுங்க." நாலாவது தடவை புதியவர் ரொம்ப மரியாதையாக, "மன்னிச்சுக்குங்க, பலமா யாரோ வர்றாங்க, ஆனா பேச்சா இரைச்சலான்னே தெரியல. நான் அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவன் ரேடியோல கோளாறு," என்றாள் இவள்.

நான் மூலையில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவேண்டியதுதானே! "நீ அந்த அம்பது வார்த்தையை மொத்தம் எத்தனை தடவை கேட்டிருப்ப?" என்றேன்.

"தெனம் ரெண்டு. மூணு வாரம். ஏன்?"

"இல்ல, ஒரு புத்தகத்தை நாலாவது தடவை புரூப் பாக்க எங்க மொதலாளி அதே ஆள்கிட்டக் குடுக்க மாட்டாரு. கண்ணு எழுத்தைப் பாக்காது, மனசுல இருக்கறதைப் பாக்கும். எழுதினவனே திருத்தினா ஒரு தப்பும் கிடைக்காது. காக்கைக்கும் தன் குஞ்சு..."

"வரிசையை மாத்தி மாத்தித்தான் படிக்கச் சொன்னேன்!"

"வரிசையை மாத்தினா என்னம்மா? வார்த்தை அதே அம்பதுதானே? 'டல்'னு காதுல விழுந்தா, ஒண்ணு கடல், இல்ல மடல். உனக்குத்தான் மனப்பாடமாச்சே."

அப்புறம் நடந்த சண்டையை எழுதினால் நான்கு பக்கம் போகும். எனக்கு ரேடியோவில் என்ன தெரியும், இருபது வருட அனுபவத்தைக் குறை சொல்ல நான் யார், என் மூக்கு எவ்வளவு பெரியது எல்லாம் வந்தது. கடைசியில் என் கையிலிருந்த புரூப்பைப் பிடுங்கினாள். "சரி. இதுல இருந்து அம்பது வார்த்தை எடுங்க. என் கண்ணுல காட்டாதீங்க. அண்ணன்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. பாத்துடலாம்."

அது பயிர்ப் பூச்சிகளைப் பற்றின புத்தகம். ஐம்பது வார்த்தை எழுதிக்கொண்டு சைக்கிளில் மருந்துக்கடைக்குப் போய்க் கொடுத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சீட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார், தலையை ஆட்டினார். மத்தியானம் அவர் படிக்க, இவள் எழுதினாள். எழுதின தாளை என்னிடம் நீட்டினாள். நான் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். இருபத்தொன்று.

முதல் நாள் பத்தொன்பது. மூன்று வாரம் ராப்பகலாகப் பெட்டியைப் பிரித்துப் பூட்டியதற்குப் பலன், இரண்டு வார்த்தை. மிச்சம் இருபத்தாறும் அவள் ஞாபகம். "ஐயோ, அவருக்கு அஞ்சு குடுத்தேனே" என்று மட்டும் சொன்னாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவளிடம் நான் ஒரே ஒரு விவாதத்தில் ஜெயித்தேன். அதுபோல ஒரு கேவலமான ஜெயிப்பு எனக்கு வேண்டாம் சாமி.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே இருவரும் போய் நின்றோம். கடையைப் பார்த்துக்கொண்டது அவருடைய மகள். அவளுக்கு நாங்கள் அத்தை, மாமா. அண்ணன் உள்ளே மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இவள் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொல்லி, "நான் குடுத்த அஞ்சு பொய் அண்ணே. தெரிஞ்சு சொல்லல. ஆனா பொய்தான்" என்றாள்.

அவர் தாளைத் தொடவில்லை.

"ரெண்டாவது ரேடியோ ஒண்ணு வெச்சு, நான் பேசறதை நானே டேப்புல புடிச்சுக் கேட்டேன்," என்றார். நான் குனிந்து கேட்டேன். "ஒரு எழவும் புரியல. நீ நாப்பத்தேழுன்னியே. நீ பொய் சொல்ல மாட்டியே. சரி, குரலோட சேந்து நமக்குக் காதும் போச்சு போலன்னு நெனச்சுட்டேன். போன வாரம் காது டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்தேன்."

என் வீட்டுக்காரி அப்படியே கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளுக்குத் தாங்கவில்லை. "ஆஸ்பத்திரில குரலுக்குப் பயிற்சி குடுத்தாங்க அத்தை," என்றாள், மருந்துச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே. "தெனம் ரெண்டு வேளை செய்யணும். மிச்சம் இருக்கற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாப் பழகும்னு சொன்னாங்க. நீங்க நாப்பத்தேழுன்னதும் விட்டுட்டாரு. அதான் பெட்டி இருக்கேன்னாரு. நான் தலையால தண்ணி குடிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு மாசம் போச்சு."

"சும்மா இரு," என்றார் அண்ணன். அது மட்டும் எங்களுக்குத் தெளிவாகவே கேட்டது.

இவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "நாளைக்கு நெட்டுல எனக்கு ரிப்போர்ட் கேளுங்க," என்றாள். "எல்லார் முன்னாடியும் கேளுங்க. பொய்யை எல்லார் முன்னாடியும்தானே சொன்னேன்."

கேட்டார். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன். "ரெண்டு," என்றாள். "ரெண்டு, ஒன்பது." பலம் முழுசாக இருக்கிறது, பேச்சு இல்லை. பெட்டி செய்தது அவ்வளவுதான். ரயில்வே கார்டு மட்டும் ஏதோ சமாதானம் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் பதில் சொன்னார். அதை அவள் மூன்று தடவை கேட்டு, மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. நெட்டை ரயில்வே கார்டு நடத்தட்டும். இவள் கையால் நாலு வருகிற அன்று அவர் திரும்ப வாங்கிக்கொள்வார். இதுதான் செய்தி.

அன்றிலிருந்து அவர் ஒரு நாள்கூடப் பயிற்சியை விடவில்லை என்று மகள் சொல்வாள். கடையில் ஆளில்லாத நேரத்தில் அலமாரியைப் பார்த்துக்கொண்டு 'ஆ'வும் 'ஈ'யும் இழுத்துக்கொண்டிருப்பாராம். மருந்து வாங்க வந்த ஒருவர் பயந்துபோய், "டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாராம். தினமும் நெட்டின் கடைசி ஆளாக வந்து ரிப்போர்ட் கேட்பார். இவள் தினமும் 'ரெண்டு' சொல்வாள். சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிடாமல் பட்டறைக்குப் போவாள். "ஒரு மூணு சொல்லித் தொலையேன், மனுஷனுக்குத் தெம்பா இருக்கும்," என்று நான் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

வெளியே போவது எனக்கு அப்போது பழகிப்போயிருந்தது. ஏனென்றால் காலை ஆறேகால் ஆனால் என்னை வீட்டைவிட்டு விரட்டிவிடுவாள். பால் இருக்கும், பால் வாங்கிவரச் சொல்வாள். மழையாக இருக்கும், நடந்துவிட்டு வரச் சொல்வாள். நெட்டு முடிகிற வரை படியேறக்கூடாது. "ஒங்களுக்கு அண்ணன் குரல் பழகக்கூடாது. ஒங்க காது எனக்குப் புதுசாவே வேணும்," என்றாள். கடைக்குப் போனாலும் அவரோடு பேசக்கூடாது, மகளோடு மட்டும் பேசவேண்டும். எட்டு மாதம், என் காதை ஊறுகாய் ஜாடி மாதிரி கட்டிப் பாதுகாத்தாள். தெருவில் எல்லாருக்கும் நான் உடம்பைக் குறைக்க நடக்கிறேன் என்று நினைப்பு.

ஒரு காலை ஆறேகாலுக்கு நான் வழக்கம்போலச் செருப்பைத் தேடினேன். "இன்னைக்குப் போவேண்டாம். நேத்து எனக்கு நாலு மாதிரி கேட்டுச்சு, என் காதை நம்ப முடியல," என்றாள். பக்கத்தில் நாற்காலி போட்டு, பென்சிலும் தாளும் கொடுத்து, இன்னொரு ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். அண்ணனுடைய மகள் யார் கண்ணிலும் காட்டாமல் ஐம்பது ஐம்பது வார்த்தையாக இரண்டு சீட்டு எழுதி வைத்திருந்தாள். நெட்டு முடிகிற நேரம், எல்லாரும் காத்திருக்க, அவர் ஒன்றை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்.

பத்து வார்த்தை தாண்டியிருக்கும். என் தாளை எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் கோடுதான் போட்டிருந்தேன். புருவத்தைச் சுருக்கினாள். மைக்கை எடுத்து, "அண்ணே, பெட்டியை அணைச்சிருங்க. மைக்கை நேரா ரேடியோல மாட்டுங்க. இந்தச் சீட்டை விட்டுட்டு இன்னொண்ணைப் படிங்க," என்றாள்.

அந்தப் பெட்டிக்கு அவள் உயிரைக் கொடுத்திருந்தாள். அதை அணைக்கச் சொன்னபோது அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

சத்தம் சட்டென்று விழுந்துவிட்டது. எங்கோ கிணற்றடியில் யாரோ பேசுகிற மாதிரி. இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மெலிந்து, தழுதழுத்து, ஒரு பக்கம் கிழிந்த குரல். ஆனால் பெட்டி தட்டிச் சமமாக்கியிருந்த மேடும் பள்ளமும் இப்போது அதில் இருந்தன. அதனால் வார்த்தை வார்த்தையாக வந்தது. விளக்கு. பூட்டு. மருதாணி. சுண்ணாம்பு. நான் எழுதிக்கொண்டே போனேன். என்னையறியாமல் கமாவும் போட்டிருக்கிறேன்.

படித்து முடித்ததும், மகள் பட்டியலை வாங்கி மைக்கில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் சரிபார்த்துக் குறி போட்டேன். நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் காதை நம்பாமல், என் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளின் அடியில் நாற்பத்தொன்று என்று எழுதி அவள் பக்கம் திருப்பினேன்.

"ஆசைல போடலையே?" என்றாள்.

"என் தொழில் மேல சத்தியமா."

மைக்கை அழுத்தினாள். "நாலு," என்றாள். "அண்ணே, நாலு. பலம் மூணுதான். தெளிவு நாலு."

அவர் பக்கமிருந்து மைக் திறந்திருப்பது தெரிந்தது, பேச்சு வரவில்லை. பெட்டி இருந்திருந்தால் அந்த அறையில் நடந்ததை எல்லாம் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் காதில் போட்டிருக்கும். அது இல்லாததால் அவர் சிரித்தாரா அழுதாரா என்று எங்களுக்குக் கேட்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அழுதது மட்டும் நன்றாகக் கேட்டது. கொஞ்சநேரம் கழித்து, "நெட்டுக்கு வந்திருக்கற எல்லாருக்கும் காலை வணக்கம்" என்று ஆரம்பித்தார் அவர்.